சுவருக்கு அந்தப் பக்கம்

“...பச்சப்புள்ள படுத்திருக்க வீடுல்லா! ஓட்ட போடதுக்கு முன்னால ஒரு எட்டு வந்து பாத்தா என்ன, அண்ணாச்சி?” என்று என் காரேஜ் வாசலில் வந்து நின்றாள் பக்கத்து வீட்டுச் செல்வி.

தாராவியில் ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் எனக்கு, ஸ்பேனரைத் தரையில் தேடியே பாதி நாள் போய்விடும். அதனால் அவற்றைச் சுவரில் மாட்டிவைக்க, ஒரு மரச்சட்டத்தைக் கைரம்பத்தால் நீளவாட்டில் சாய்வாக அறுத்தேன். ஒரு பாதி சுவருக்கு, மறு பாதி ஸ்பேனர் தொங்கும் பலகையின் முதுகுக்கு. சாய்வும் சாய்வும் கவ்விக்கொள்ளும். பாரம் தாங்கட்டுமே என்று இரவல் டிரில்லால் கிடைத்ததிலேயே நீளமான ஸ்க்ரூவை முடுக்கினேன். ‘நீ தும்முனா எனக்குச் சளி பிடிக்கும்’ என்று எங்கள் சந்தில் கேலி பேசுவார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே அரைச் செங்கல் கனத்தில் ஒரே சுவர். வேலை மும்முரத்தில் அது எனக்கு மறந்தே போனது.

இப்போதெல்லாம் அடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சுவரில் கைவைக்கிறேன். ஸ்க்ரூவும் குட்டைதான்.

 அன்று செல்வி என்னைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போனாள். குழந்தையின் தலைக்கு ஒரு சாண் மேலே ஸ்க்ரூ முனை நீட்டிக்கொண்டிருந்தது. என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். இன்னும் சுட்டது.