வெள்ளிக்கிழமைகளில் காணாமல் போன மூடி

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. ஒன்று கணக்கெழுதும் கிராணியின் மேஜையில், இன்னொன்று மேனேஜர் துரையின் அறையில். கீழே ஈப்போ நகரத்திலிருந்து வந்த டெக்னிஷியன் ஒருவர் சுவரோரமாகக் கறுப்பு வயர் இழுத்து இரண்டையும் இணைத்தார். கிராணி இங்கே அன்றைய கொழுந்து எடையைத் தட்டினால், துரை எழுந்து வராமலே அங்கே பார்க்கலாம்.

நான் அந்த ஆபீசைக் கூட்டித் துடைப்பவள். பத்து வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து கிள்ளிவிட்டு, ஒருவழியாகக் கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தவள். யாரிடமும் பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வயர் போட்ட முதல் வெள்ளிக்கிழமை காலையிலேயே இணைப்பு படுத்துவிட்டது. டெக்னிஷியன் மலையேறும் தாப்பா ரோட்டு வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே மதியம் வந்து சேர்ந்தபோது, அது நன்றாக வேலை செய்தது. அடுத்த வெள்ளியும் அப்படியே.

"வெள்ளிக்கிழமை விரதம் போல," என்றார் டெக்னிஷியன், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

கிராணிக்குச் சிரிப்பு வரவில்லை. "யாரோ கை வைக்கிறாங்க. ஆள் மட்டும் தெரியட்டும், துரைகிட்டச் சொல்லி மலைக்கு அனுப்பிர்றேன், கொழுந்து எடுக்கட்டும்."

நானும் அந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் டெக்னிஷியன் வியாழனே வந்து பக்கத்து ஊரான தானா ராத்தாவில் தங்கி, வெள்ளி காலை எட்டு மணிக்கு ஆபீசில் நுழைந்தார். நான் பின்வாசல் படியில் என் வெள்ளிக்கிழமை வேலையில் இருந்தேன். மேஜை மணி, கதவுக் குமிழ் என்று கழற்ற முடிந்த உலோகச் சாமான்களுக்கெல்லாம் பாலிஷ் போட்டுத் துடைத்து, பத்து மணிக்குள் திருப்பி மாட்டிவிட வேண்டும்.

உள்ளே அவர் குரல் கேட்டது. "வயர் முடியிற இடத்துல சின்ன மூடி ஒண்ணு இருந்துச்சே, எங்க சார்? அது இல்லேன்னா ரெண்டு கம்ப்யூட்டரும் பேசாது."

என் கையிலிருந்த துணியைப் பார்த்தேன். மூடி அதற்குள்தான் இருந்தது. நுனியில் சும்மா நின்ற சாமான்தானே என்று வாராவாரம் திருகி எடுத்து வந்திருக்கிறேன்.

"எலி தூக்கிருக்கும்லா," என்றார் கிராணி.

இருவரும் முட்டி போட்டு அலமாரிக்கடியில் தேடினார்கள். துரையும் வந்து டார்ச் அடித்தார். சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். மலையும் அட்டையும் கண்முன் நின்றன.

வேறு வழி தெரியாமல் தேநீர் போட்டேன். சாசரில், பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் மூடியை வைத்து டெக்னிஷியனிடம் நீட்டினேன்.

அவர் மூடியைப் பார்த்தார். பாலிஷ் படிந்து கறுத்த என் விரல்களைப் பார்த்தார். மூடியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்தார்.

"கிடைச்சிருச்சு சார். லூசாகி விழுந்திருக்கு. இனிமே கழறாது."

புறப்படும்போது என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, இவ்வளவு பளபளன்னு ஒரு மூடிய நான் எங்கேயும் பாத்ததில்ல. இனிமே பாக்கவும் வேணாம்லா."

தலையாட்டினேன். வளைவுகளில் குமட்டலுக்கு ஆகட்டும் என்று, உப்பிட்டு உலர்த்திய புளிப்பு அசாம் பழம் ஒரு பொட்டலம் கொடுத்தேன்.

அதன்பிறகு எந்த வெள்ளியும் இணைப்பு படுக்கவில்லை. மூடி மட்டும் மலையின் ஈரத்தில் மாதாமாதம் கறுத்துக்கொண்டே போனது. அந்த மேஜையைத் துடைக்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கும். ஒரு கையால் துடைத்துக்கொண்டு, மற்றக் கையை முந்தானைக்குள் செருகிக்கொள்வேன்.