நீலக் கதவுத் தெரு

சிட்னியின் டூங்கபியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். சிறுமியாகப் பெற்றோருடன் கப்பலேறி வந்தவர், அதன்பிறகு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. கிளாஸ்கோவிலிருக்கும் தங்கையிடம் போகிறேன் என்று வேலிக்கு மேலால் நான் சொன்னதும், கையிலிருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டார்.

"எங்கள் ஊர் அங்கிருந்து காரில் போகிற தூரந்தான். எங்கள் தெருவை எனக்குக் காட்டுவாயா?"

அப்படித்தான் ஒரு கோடைக் காலையில் தங்கையும் நானும் அந்தக் கடலோரப் பழைய ஊரில் போய் இறங்கினோம். சிட்னியில் அப்போது இராச் சாப்பாட்டு நேரம். என் கணவர் தன் கைபேசியோடு பக்கத்து வீட்டுக்குப் போய் வீடியோ அழைப்பில் காத்திருந்தார்.

தெரு துறைமுகத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்கியது. கார் நுழைய முடியாத ஒடுக்கம். கல் பாவிய தரை, வீடுகளுக்கு வெளியே கல் படிகள். நான் கைபேசியை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தேன்.

"மெதுவாக! அங்கே வழுக்கும்!" என்று டூங்கபியிலிருந்து சத்தம் வந்தது. "அது பாண் சுட்டு விற்கிறவர் வீடு. அடுத்தது வலை பின்னுகிறவர்கள். அதற்கடுத்து... அந்த நீலக் கதவு! அதுதான் எங்கள் வீடு! யார் அதற்கு நீலம் அடித்தது?"

மேல் ஜன்னல் படாரென்று திறந்தது. "என் வீட்டை எதற்குப் படம் எடுக்கிறாய்?" என்று ஒருவர் கத்தினார்.

தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, வாங்கோ போவம். பொலிசைக் கூப்பிடப் போறான்."

நான் வாய் திறக்குமுன் கைபேசி பேசத் தொடங்கிவிட்டது. இத்தனை வருடம் பக்கத்தில் வாழ்ந்தும் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத உச்சரிப்பு அது. முதலில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஜன்னல்காரருக்கு விளங்கியது. வெறும் காலுறையோடு படியிறங்கி ஓடி வந்தார், திரையைப் பார்த்தார், போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அடுத்த கதவையும் தட்டினார்.

கொஞ்ச நேரத்தில் தெருவே என்னைச் சுற்றி நின்றது. தேநீர்க் கோப்பையோடு ஒருவர், தலையில் துவாய் சுற்றியபடி ஒரு பெண், குரைத்துக்கொண்டு ஒரு நாய். எதிர்வீட்டு மூதாட்டி எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"எங்கள் ஜன்னலைப் பந்தடித்து உடைத்தவள் நீதானே?"

"நானில்லை! என் தம்பி!"

"பொய்! நான் பார்த்தேன்!"

தெரு முழுக்கச் சிரித்தது. சற்றுமுன் போவம் என்ற தங்கையே இப்போது என்னை முன்னால் தள்ளினாள். "இன்னும் கிட்டக் கொண்டு போங்கோ அக்கா, அவவுக்கு முகம் வடிவாத் தெரியேல்லை!"

நீலக் கதவு வீட்டுக்காரர் எங்களை உள்ளே கூட்டிப்போய், குசினியின் பின்கதவைத் திறந்துவிட்டார். கண்ணுக்கு நேரே கடல். டூங்கபியில் சத்தமே இல்லை.

"என்னப்பா, லைன் கட்டாகிட்டுதோ?" என்றேன்.

"இல்லை," என்றார் கணவர். "பாஸ்போர்ட் எடுக்க எங்க போகவேணுமெண்டு என்னைக் கேட்டுக்கொண்டு நிக்கிறா."

சில மாதங்களில் நாங்களே அவரை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டோம். எங்களுக்குக் கைகாட்டக்கூட மறந்து உள்ளே ஓடினார்.