யாருமில்லை என்று சொன்ன கத்தூர்

திலெம்சென் நகரத்து அஞ்சலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்திய கத்தூருக்குக் கைகள் சும்மா இருக்காது. மேசை, சாப்பாட்டுத் தட்டு, பேருந்தின் ஜன்னல் கம்பி, எது அகப்பட்டாலும் தாளம்தான். மாலையில் லக்தரின் இசைக்குழுவில் தர்புக்கா மேளம் கொட்டுவார். வெளிநாட்டு மோகமெல்லாம் அவருக்குக் கிடையாது. கடலுக்கு அப்பால் மார்செய் நகரத்தில் வாழ்ந்த மகள் யமீனாவுக்காகத்தான் மனசு அடித்துக்கொண்டது.

யமீனாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். ஊருக்கு வர வழியில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் கத்தூர் உள்ளதை உள்ளபடி எழுதி, மகளைப் பார்க்க விசா கேட்டார். போனால் திரும்ப மாட்டார் என்று மறுத்துவிட்டார்கள். அறுபத்தைந்து வயதில் அங்கே போய் எந்தக் கோட்டையைக் கட்டப்போகிறாரோ!

இந்த வருடம் மார்செய்யிலேயே குழுவுக்குக் கச்சேரி அமைந்தது. யமீனா முன்வரிசையில் இடம் வாங்கிவிட்டாள். விசா நேர்காணலுக்கு முன் லக்தர் கத்தூரைத் தனியே அழைத்து, கடல் தாண்டும் எங்கள் பாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான பாடத்தைச் சொன்னார்.

"அண்ணே, அங்க சொந்தக்காரங்க இருக்காங்களான்னு கேப்பாங்க. யாருமில்லன்னுடுங்க. இருக்காங்கன்னா அங்கேயே தங்கிடுவீங்கன்னு நினைப்பாங்க."

கத்தூர் அப்படியே சொன்னார். கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி பழைய விண்ணப்பத்தை எடுத்து, யமீனாவின் பெயரைப் படித்து, இது யார் என்று கேட்டாள். மற்ற எட்டுப் பேருக்கும் விசா கிடைத்தது. இவருக்குப் பொய்த் தகவல் என்று மறுப்பு. உண்மை சொன்னாலும் குற்றம், மறைத்தாலும் குற்றம் என்றால் மனிதன் எந்த வாயால்தான் பேசுவது? எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஏதோ காகிதம் குறைந்தது என்று மகளிடம் சொல்லிவிடும்படி லக்தர் சொல்லியிருந்தார். யமீனா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது கத்தூருக்கு இன்னொரு பொய் வரவில்லை.

"என்ன காரணம் சொன்னாங்கப்பா? நான் இங்கருந்து கடுதாசி ஏதாச்சும் அனுப்பட்டுமா?"

"வேணாம்மா. அங்க எனக்கு யாரு இருக்காங்கன்னு கேட்டாங்க. யாருமில்லன்னு சொல்லிட்டேன்."



"விடுங்கப்பா," என்றாள் யமீனா. "இங்கயும் ஒரு ஃபாரம் குடுத்தாங்க. ஆபத்துன்னா உடனே வர்றதுக்கு யாரு இருக்கான்னு. நானும் யாருமில்லன்னுதான் எழுதினேன்."

மேசைமேல் இருந்த கத்தூரின் கைகள் சும்மா கிடந்தன.