வாய் திறக்காத ஸ்டாப்பர்

மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் நின்றவர்கள் எல்லாரும் என் தம்பியை ஊமை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில்தான் நானும் நின்றிருந்தேன். அவன் என் தம்பி என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் குரலைத் தணித்துச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க் கல்லூரியின் கால்பந்துக்கென்று போடியில் ஒரு கூட்டம் உண்டு. கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்தான் அதில் அதிகம். மலையில் ஏலக்காய் எடுப்பு ஆரம்பிக்கும் நேரத்தில்தான் கால்பந்து சீசனும் ஆரம்பிக்கும். எத்தனை வேலை கிடந்தாலும் சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் அவர்களைக் கடையில் பிடிக்க முடியாது. ஏல மையத்தில் காய்க்கு விலை கேட்கும் ஏஜெண்டு ஒருவர், பஸ் ஸ்டாண்டு அருகே புரோட்டாக் கடை வைத்திருப்பவர், பூப்பாறையிலிருந்து இறங்கி வரும் ஜீப் டிரைவர், இந்த மூவர்தான் அந்தக் கூட்டத்தின் நீதிபதிகள். அவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை ஊர் முழுக்க அதையே பேசும்.

இந்த வருஷம் அவர்களுக்கு நல்ல தீனி. பின்வரிசையில் நின்ற நான்கு பேரும் படிப்பை முடித்துப் போய்விட்டதால், அந்த இடத்தில் நான்கு முதலாம் ஆண்டுப் பையன்கள். யாருக்கும் மீசை ஒழுங்காக முளைக்கவில்லை.

"லெஃப்ட் பேக்கு முன்னாடி ஓடுறது நல்லாத்தான் இருக்கு. திரும்பி வர்றதுக்குத்தான் பஸ்சு புடிக்கணும்," என்பார் புரோட்டாக் கடைக்காரர்.

"ரைட் பேக்கு ராசிங்காபுரத்துப் பய. காலு சுத்தமான காலு. ஆளுதான் அரையடி பத்தல," என்பார் ஏஜெண்டு. பேசும்போதே சட்டைப் பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து உரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். சும்மா தின்பதற்குக்கூட அவருக்குத் தரம் பார்த்தாக வேண்டும்.

"நடுவுல நிக்கிற பையன் கொள்ளாம். பக்ஷே மிண்டுறதே இல்லையே!" என்பார் பூப்பாறை டிரைவர், பாதி மலையாளத்தில்.

"ஆமா, ஊமைக் கோட்டான். வாயே திறக்க மாட்டேங்குறான்," என்று மற்ற இருவரும் ஆமோதிப்பார்கள்.

நடுவில் நின்ற அந்தப் பையன்தான் என் தம்பி. ஸ்டாப்பர் என்பவனுக்குத்தான் மைதானம் முழுதும் முன்னால் விரிந்து தெரியும். யார் ஏற வேண்டும், யார் நிற்க வேண்டும், கீப்பர் வெளியே வந்து பந்தைப் பிடிக்க வேண்டுமா என்பதையெல்லாம் அவன்தான் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். சத்தம் போடாத ஸ்டாப்பர் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

முதல் மேட்ச்சில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். அதில் இரண்டாவது கோலை நான் இன்னும் மறக்கவில்லை. பந்து கீப்பருக்கும் என் தம்பிக்கும் நடுவில் விழுந்து எழும்பியது. கீப்பர் வந்து எடுத்திருக்க வேண்டிய பந்து. என் தம்பி கையை நீட்டி, "நீங்க வந்து எடுத்துக்கங்கண்ணே" என்றான். அவன் அந்த அண்ணேயை முடிப்பதற்குள் எதிரணிக்காரன் பந்தை உள்ளே தள்ளிவிட்டுத் தன் ஆட்களைக் கட்டிப்பிடிக்கப் போய்விட்டான்.

"என்னாப்பா இவன், வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறான்!" என்றார் புரோட்டாக் கடைக்காரர். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சட்டையைப் பிடித்து இழுக்கலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். அந்தக் கீப்பர் மூன்றாம் ஆண்டு மாணவர், போடிமெட்டுக்கு மேலே உள்ள ஒரு ஏலத்தோட்டத்து முதலாளியின் மகன். அந்தத் தோட்டத்துக்குத் தினமும் விடியுமுன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பை ஓட்டுபவர் எங்கள் அப்பா. நாங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே அவருக்கு அதுதான் வேலை. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு மலைக்குப் போகும்போது, காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் இரண்டு பையன்களும் பந்து உதைப்பார்கள். அப்போதே இவன் "வாங்க, போங்க" என்றுதான் விளையாடுவான். அவர் "டேய், இங்க உதைடா" என்பார். எங்கள் வீட்டில் அந்தப் பையனின் பேரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சின்ன முதலாளி, அவ்வளவுதான்.

அந்த மேட்ச் முடிந்ததும் கல்லூரி பி.டி. சார் என் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். "அடுத்த மேட்ச்சுல உன் சத்தம் எனக்கு இங்க கேக்கணும். கேக்கலைன்னா உன் இடத்துக்கு ஆள் ரெடியா இருக்கு" என்று சொல்லிவிட்டார். அவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும், கட்டணத்தில் சலுகை கிடைத்ததும் விளையாட்டை வைத்துத்தான். அணியில் இடம் போனால் மற்றதும் ஒவ்வொன்றாகப் போகும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் ஆரம்பித்தேன். "ஏன்டா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவுகள எப்படிக்கா அதட்டுறது?" என்றான்.

"அதட்ட வேணாம் அப்பு," என்றார் அப்பா. "மெதுவாச் சொன்னாலும் அவுக காதுல விழும்."

"கிரவுண்டுல ஏதுப்பா முதலாளி?" என்று நான் சத்தம் போட்டேன்.

"கிரவுண்ட விட்டு வெளிய வந்தா சோலிக்குப் போகணும்ல ஆத்தா. ஜீப்பு அவுகளோடது," என்றார். தம்பி தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்து எழுந்து போனான். எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது.

இரண்டாவது மேட்ச்சும் எங்கள் மைதானத்தில்தான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பலமான அணி. மேற்கே மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. முதலாளி தன் மகன் ஆடுவதைப் பார்க்க அன்று வந்திருந்தார். எதிர்ப் பக்கம் அப்பாவை ஜீப்பை நிறுத்தச் சொல்லி, அதன் முன் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். நான் வழக்கம்போல நீதிபதிகளோடு கிழக்கு ஓரத்தில்.

முதல் பாதியில் எங்கள் பையன் ஒருவன் தற்செயலாக ஒரு கோல் போட்டுவிட்டான். அது ஒரு விதத்தில் கெடுதலாகப் போயிற்று. இல்லாததை இழக்க முடியாது, இப்போது காப்பாற்ற ஒன்று இருந்தது.

"ஒரு கோலை வச்சுக்கிட்டு இந்த நாலு பயலும் தாக்குப் புடிப்பானுங்களா?" என்றார் ஏஜெண்டு.

"மழை வந்தாத் தப்பிச்சானுங்க," என்றார் புரோட்டாக் கடைக்காரர்.

தூறல் வந்தது, ஆட்டம் நிற்கவில்லை. இரண்டாம் பாதி முழுக்கப் பந்து எங்கள் பக்கமே கிடந்தது. லெஃப்ட் பேக் ஏறிப் போனவன் திரும்பவில்லை. ரைட் பேக் தலைக்கு மேலே பந்து போய்க்கொண்டே இருந்தது. என் தம்பி ஓடி ஓடி அடைத்தான். கால் பேசியது, வாய் பேசவில்லை. ஒரு கார்னரில் கீப்பரும் அவனும் ஒரே பந்துக்குப் பாய்ந்து மோதிக்கொண்டார்கள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. என் தம்பி எழுந்ததும் கீப்பரின் முழங்கையில் ஒட்டிய சேற்றைத் துடைத்துவிட்டான். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு எரிந்தது.

பி.டி. சாரும் பார்த்துவிட்டார். பெஞ்சில் இருந்த பையனைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவன் எழுந்து மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே குதிக்க ஆரம்பித்தான்.

"ஸ்டாப்பரை மாத்துறாங்கப்பா," என்றார் ஏஜெண்டு. "இது போன வாரமே செஞ்சிருக்கணும்."

அடுத்து பந்து வெளியே போனால் என் தம்பியும் வெளியே போவான். நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் டீச்சர். நாள் முழுக்க "வாயை மூடு" என்று கத்துவதுதான் என் பிழைப்பு. அன்று ஒருவன் வாயைத் திறக்க வேண்டும் என்று கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

பந்து வெளியே போகவில்லை. எதிரணிக்காரன் வலது ஓரத்திலிருந்து உயரமாகத் தூக்கி அடித்தான். பந்து தூறலுக்குள் வளைந்து கோலுக்கு முன்னால் இறங்கியது. எதிரணியின் உயரமான ஃபார்வர்டு, ரைட் பேக்கின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தான். கீப்பர் கோட்டிலேயே நின்றார். முன்னால் நின்றவர்கள் மறைத்ததால் அந்த ஃபார்வர்டு ஓடி வந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்தவன் என் தம்பி ஒருவன்தான்.

அவன் கீப்பரின் பேரைச் சொல்லிக் கத்தினான். வெறும் பேர். "டேய்! வெளிய வாடா! வாடா, புடிடா!"

அந்தக் குரல் என் வீட்டுக் குரல் என்று எனக்கே தெரியவில்லை. முதுகில் அடி விழுந்தவர் போல கீப்பர் பாய்ந்து வந்தார். ஃபார்வர்டின் தலைக்கு மேலே இரண்டு கையையும் நீட்டிப் பந்தைப் பிடித்து, அதோடு தரையில் விழுந்து புரண்டார். பந்து கையை விட்டுப் போகவில்லை.

கிழக்கு ஓரம் கூத்தாடியது. "மிண்டிட்டானே! மிண்டிட்டானே!" என்று பூப்பாறை டிரைவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நிற்பது முன்பின் தெரியாத பெண் என்ற நினைப்பே அவருக்கு அப்போது இல்லை. "இத்தனை தொண்டைய எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தான்?" என்றார் ஏஜெண்டு.

ஒரு தடவை திறந்த வாயை என் தம்பி அதன் பிறகு மூடவே இல்லை. "லெஃப்ட்டு, ஏறாத! நில்லு! பின்னாடி ஆளு! வெரசா வா!" கீப்பரையும் விடவில்லை. "கோட்ட விட்டு வாடா" என்று இன்னும் இரண்டு தடவை அதட்டினான். அவர் வந்தார். கோட்டருகே குதித்துக்கொண்டிருந்த பையன் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினான். விசில் ஊதியபோது எங்கள் அணி அந்த ஒரு கோலில் ஜெயித்திருந்தது. கீப்பர் ஓடி வந்து என் தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எதையோ சொல்லிச் சிரித்தார். பி.டி. சார் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

நான் எதிர்ப் பக்கம் பார்த்தேன். முதலாளி ஜீப்பை விட்டு இறங்கி நின்றிருந்தார். அப்பா அவர் முன்னால் லேசாகக் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சேற்றில் செருப்பு வழுக்க மைதானத்துக்குக் குறுக்கே ஓடினேன். எனக்கு முன்பே என் தம்பி அங்கே போய்விட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி அப்பாவிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"சாவியக் கொண்டா."

"வீட்டுல கொண்டுவந்து விட்டுட்டுப் போறேன் மொதலாளி."

"நான் ஓட்டிக்கிறேன். நீ பஸ்சுல போ." அவர் குரலில் கோபம் துளிகூட இல்லை. என் தம்பியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "பய நல்லாத்தான் ஆடுறான்" என்றார்.

அப்பா சாவியைக் கொடுத்தார். "நாளைக்குக் காலையில ஆள் ஏத்தணுமே, மொதலாளி?"

"சொல்லி விடுறேன்."

பிறகு தன் மகனைக் கூப்பிட்டார். கீப்பர் எங்களைப் பார்த்தார், தன் அப்பாவைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார். ஜீப் சேற்றில் ஒரு உறுமு உறுமிவிட்டுப் போய்விட்டது. அப்பா இல்லாமல் அந்த ஜீப் நகர்ந்ததை அன்றுதான் நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

நாங்கள் மூவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். கிழக்கு ஓரத்து ஆட்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது என் தம்பியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னாலதானேப்பா?" என்றான். "நான் வேணும்னா இப்பவே அவுக வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துர்றேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். 'போய்க் கேட்டுட்டு வா' என்றுதான் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அவர் அதைச் சொன்னால் நடுரோடு என்றும் பார்க்காமல் சண்டை போடுவது என்று முடிவு செய்து, என்னென்ன பேச வேண்டும் என்றுகூட மனதுக்குள் கோத்துக்கொண்டே நடந்தேன். பஸ் நிறுத்தம் வந்தது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த மேட்ச்சு எங்கடா?"

"பெரியகுளத்துலப்பா. வர்ற சனிக்கிழமை."

"அன்னிக்கும் அந்தப் பயதான் கீப்பரா?"

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு, "ஆமாப்பா" என்றான்.

"அப்ப இன்னும் வெரசாக் கத்து," என்றார் அப்பா. "இன்னிக்கு லேட்டு. பந்து அடிக்கிறவன் கால விட்டுக் கெளம்பும்போதே நீ கத்தியிருக்கணும்."