குளத்தில் விழ இருந்த ஆமை

நான் இந்தக் குழுவில் எழுதுகிறவள் இல்லை. தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

இன்று சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, பக்கத்து வீட்டு லோரிக்கார அண்ணன் தோட்டத்துக் குளத்தங்கரையில் ஓர் ஆமையோடு நின்றார். எங்கள் மலையில் திரிங்காப் போகும் ரோட்டில் அடிபட இருந்ததைத் தூக்கி வந்தாராம்.

எனக்கு அதன் கால்கள்தான் கண்ணில் பட்டன. விரலிடையில் சவ்வு இல்லை. தூண் போல் தடித்திருந்தன. தரையில் வாழும் ஆமை.

அவர் வீசுவதற்குக் கையைத் தூக்கிவிட்டார்.

“அண்ணே, போடாதீங்க. மூழ்கிரும்.”

“ஆமைலா இது தங்கச்சி, மூழ்குமா? யுனிவர்சிட்டில இதான் சொல்லிக் குடுத்தாங்களா?”

“காலைப் பாருங்கண்ணே. இதுக்கு நீந்த வராது.”

காலைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். “அப்ப நீயே வெச்சுக்க” என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வனவிலங்கு இலாகாவுக்குப் போன் செய்தேன். நாளைக் காலையில் வருவார்களாம். அதுவரை குளிரில் விடக் கூடாதாம்.

வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகும் அம்மா வாசலை மறித்து நிற்கிறார். “ஆமை உள்ள வந்தா குடும்பம் வெளங்காது. அது வந்தா நான் வெளிய.”

பனி இறங்குகிறது. நானும், தக்காளிப் பெட்டிக்குள் ஆமையும் படியில் இருக்கிறோம்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அம்மா ஊரில் இல்லாத வீடு யாருடையதாவது இருந்தால், இன்று ஒரு ராத்திரி இதை உள்ளே வைத்துக்கொள்வீர்களா?