அப்பா பாதியில் எழுந்து போன படம்

கலிஃபோர்னியாவின் லிவர்மோர் கோவிலில் புளியோதரைக்கு வரிசையில் நின்றபோதுதான் அந்தப் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். இங்கே குடியேறிய நம் ஊர்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஒரு கறுப்பின இளைஞனைக் காதலிக்கும் கதை. "வயசுப் பொண்ணுங்கள கூட்டிட்டுப் போயிடாதீங்க" என்று எச்சரித்த ஆன்ட்டிகள் யாரும் படத்தைப் பார்த்ததில்லை. கதை மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

நான் புளியோதரையை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மில்பிடாஸில் என்னோடு வேலை பார்த்த கறுப்பின இளைஞன் ஒருவனை நானும் காதலித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. இப்படிக் காதலித்த எங்கள் வட்டாரத்துப் பெண் ஒருத்தியை, அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று சென்னைக்கு அழைத்துப் போய், தாலியோடுதான் திருப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். அதன்பிறகு ஊரில் யாருக்காவது இருமல் என்று கேட்டாலே, எனக்கும் டிக்கெட் எடுத்துவிடுவார்களோ என்று பயப்படுவேன்.

இருந்தும் ஆசை விடவில்லை. நம்மவர்கள் எட்டிப் பார்க்காத தியேட்டராகத் தேடிப் பிடித்து, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, அவனோடு மதியக் காட்சிக்குப் போனேன். மடியில் கனம், வழியெல்லாம் பயம்.

படம் பாதி ஓடியிருக்கும். திரையில் காதல் அம்பலமாகி, பெண்ணின் அப்பா கத்தத் தொடங்கினார். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். ஏசிக்குப் பயந்து காதைச் சுற்றி மஃப்ளர். கலிஃபோர்னியாவில் மஃப்ளர் கட்டிக்கொண்டு படம் பார்க்கிற ஒரே மனிதர் என் அப்பா.

அவன் கையை உதறினேன். அப்பா எங்கள் அருகே வந்து, இருவரையும் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு வெளியே போனார். போச்சு, இனி சென்னைதான் என்று நினைத்தேன். அவர் பின்னாலேயே ஓடினேன்.

பார்க்கிங்கில், கார்க் கதவில் சாவியை நுழைக்க முடியாமல் நின்றிருந்தார்.

"அப்பா, நானே சொல்லணும்னுதான்..."

"தெரியும்மா. மில்பிடாஸ் ஹோட்டல்ல நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டிருந்தத பாத்தேன். இந்தப் படத்துல அந்தப் பொண்ணோட அப்பா என்ன பண்றார்னு பாக்கலாம்னு வந்தேன். அந்த ஆள் கத்துறதப் பாக்க முடியல."

அடுத்து சென்னை டிக்கெட் பற்றிய பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன்.

"நீ உள்ள போ. மிச்சத்தையும் பாத்துட்டு வா," என்றார். "அந்தப் பொண்ணு அப்புறமா அப்பா வீட்டுக்குத் திரும்ப வர்றாளான்னு மட்டும் வந்து சொல்லு. நான் கார்லயே இருக்கேன்."