நாலாம் பாத்திக்குச் சொந்தக்காரி

லிஃப்ட்காரர் முப்பத்திரண்டு வருஷம் மேலும் கீழும் போய் வந்தவர். பக்கவாட்டில் அதிகம் போனதில்லை. லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தான் சேர்ந்த கிறிஸ்தவ சபையின் முதல் போதகர் வாழ்ந்த கல்வீட்டுக்கு வந்து, வாசலில் பூப்பாத்தி பார்க்கும் சம்பளமில்லா ஊழியத்தில் சேர்ந்தார். முதல் போதகருக்குப் பூ பிடிக்குமா என்பதற்குச் சரித்திரத்தில் சான்று இல்லை. பார்க்க வருகிறவர்களுக்குப் படம் எடுக்கப் பிடிக்கும், அது போதும்.

விண்ணப்பம் போட்டவள் அவர் மனைவி. ஊழியத்துக்குத் தம்பதியராகத்தான் எடுப்பார்கள்: ஓர் அறை, இரண்டு தொப்பி, இரண்டு பாத்தி. 'உங்கள் இருவரையும் வரவேற்கிறோம்' என்று கடிதம் வந்தபோது அவளை அடக்கம் செய்து பதினொரு நாள் ஆகியிருந்தது. கடிதத்தை இரண்டு முறை படித்தார். பெட்டியை எடுத்தார். பொத்தான் அமுக்கினால் மாடி வந்துவிடும் என்றே பழகிய மனிதர். வீட்டில் இருந்து செய்யவும் ஒன்றும் இல்லை; அழுகைகூட வரவில்லை.

ஒற்றை ஆள் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அவர் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை, அந்தச் சிரமத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"அண்ணி கண்ணுலயே படலையே?" என்பார் பக்கத்துப் பாத்தி வாத்தியார்.

"ம்."

"முட்டி வலியா இருக்கும். நம்ம வீட்டுலயும் அதே கதைதான்."

மேற்பார்வை அம்மாளோ, மகளின் பிரசவத்துக்குப் போயிருப்பதாக முடிவு கட்டிவிட்டார். லிஃப்ட்காரருக்கு மகளே கிடையாது.

விடிந்ததும் மூன்றாம் பாத்தி. அது அவருடையது. டேப்பை நீட்டி, ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சாமந்தி. வெயில் ஏறுவதற்குள் நாலாம் பாத்தி. அது அவளுடையது, அங்கே டேப் வெளியே வராது. வீட்டுத் தொட்டியில் அவர் அளந்து நட்ட காலத்தில், "செடி என்ன பள்ளிக்கூடப் பிரேயரா, வரிசையா நிக்க?" என்று கேட்டவள் அல்லவா. அதனால் விதையை ஒரு கை அள்ளி வீசியதோடு சரி. பிறகு வாடியதை மட்டும் கிள்ளுவார். கை கிள்ளும், மனசு எங்கேயும் இருக்காது. இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் இருக்கும் அமைதி அது.

எட்டு மாதம் ஓடியது. தலைமையகத்திலிருந்து வந்து பார்த்தவர்கள் நாலாம் பாத்திக்கு முதல் பரிசு என்றார்கள். மூன்றாம் பாத்திக்கு, 'சுத்தமாக இருக்கிறது' என்று எழுதினார்கள்.

மேற்பார்வை அம்மாள் மூச்சிரைக்க வந்தார். "அண்ணே, அண்ணி ஜெயிச்சிட்டாங்க! நாளைக்குப் பத்து மணிக்குப் போட்டோ. பேரப்பிள்ளைய விட்டுட்டு ஒருநாள் வந்துட்டுப் போகச் சொல்லுங்க."

"வர மாட்டா."

"ஏன், கோவமா?"

"செத்துட்டா. இங்க வர்றதுக்கு முன்னாடியே."

அம்மாள் பாத்தியைப் பார்த்தார். "அப்ப இதெல்லாம் யாரு..."

"நான்தான்."

அம்மாள் அலுவலகத்தில் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தம்பதியர் சண்டை போட்டால், ஒருவர் சோம்பேறியாக இருந்தால், வேறு சபைக்குத் தாவினால் என்ன செய்வது என்றெல்லாம் இருந்தது. செத்தால் என்ன என்று இல்லை. அதற்கு மேலே தனி ஏற்பாடு உண்டு என்று எழுதியவர்கள் விட்டிருக்கலாம்.

"ரூமைக் காலி பண்ணணும்ணே, திங்கக்கிழமை புதுசா ஒரு ஜோடி வருது" என்றார் திரும்பி வந்து. "மண்வெட்டி வைக்கிற ரூம்ல கட்டில் போடக் கூடாதுன்னு புத்தகத்துல இல்ல. போடச் சொல்றேன். ஆனா ஒத்தை ஆளுக்கு ஒரு பாத்திதான். எது வேணும்?"

"மூணு."

"பரிசு நாலுக்குல்ல?"

"அது அவளுது."

மறுநாள் பாத்தியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை, புது ஜோடியில் மனைவி நாலாம் பாத்தியில் கயிறு கட்டி, கோட்டுக்கு வெளியே நின்ற செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். லிஃப்ட்காரர் மூன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"செடி என்ன பள்ளிக்கூடப் பிரேயராம்மா, வரிசையா நிக்க?"

அவள் சிரித்துவிட்டாள். "நல்லாருக்கே! யாரு சொன்னது இது?"

"வீட்டுல சொல்லுவாங்க."

"அவங்க வரலையாங்க?"

"இல்லம்மா. இறந்துட்டாங்க."

அவள் கையில் கயிறு தளர்ந்தது. அவர் டேப்பை நீட்டி, ஒன்பதாவது அங்குலத்தில் அடுத்த குழியைத் தோண்டினார்.